அப்பாவின் உடலுக்கு யார் பொறுப்பு: மகளா, மூத்த மகனா, மனைவியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்கிறேன். அப்பாவுக்கு 78 வயது, புற்றுநோய், மருத்துவர்கள் மாதக் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. தன் உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், சடங்கு எதுவும் வேண்டாம் என்று உயிலில் எழுதியிருக்கிறார். எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தில் மகளாகிய உங்களை நியமித்திருக்கிறார். உயிலை நிறைவேற்றுபவராகப் போட்டிருப்பதோ உங்கள் அண்ணனை. அவர், “மூத்த பிள்ளை நான் இருக்கும்போது கொள்ளி வைக்காமல் அப்பாவை அனுப்புவதா” என்கிறார். அம்மா காலமான பிறகு அப்பா மணந்த சித்தி, உடலைப் பட்டுக்கோட்டைப் பக்கம் உள்ள ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார். மூவரில் சட்டப்படி யாருக்கு உரிமை என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: அப்பாவின் விருப்பம் அவர் கண்ணை மூடிய பிறகும் நிற்குமா? முதல் கேள்விக்கான பதில் உங்களுக்குப் பிடிக்காது. இரண்டாவதற்கு நல்ல பதில் இருக்கிறது, ஆனால் அதற்குக் கெடு உண்டு.

நான் சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயில், சொத்து நிர்வாகம் என்று வழக்குரைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பாவின் உயிலை நான் பார்க்கவில்லை. அதில் ஒரு வரி வேறு மாதிரி இருந்தாலும் பதில் மாறலாம். அதனால் எது உறுதி, எதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் எல்பிஏ. இது உறுதியான விஷயம்: அப்பா இறந்த நொடியில் அந்தப் பத்திரம் செத்துவிடும். 2008ஆம் ஆண்டின் மனவளச் சட்டத்தின்கீழ் செய்யப்படும் அந்த ஏற்பாடு, உயிரோடு இருப்பவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால் அவருக்காக முடிவெடுக்கத்தான். அவர் உடலை என்ன செய்வது என்பதில் அது ஒரு வார்த்தையும் பேசாது. சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்புத் திட்டமான மத்திய சேமநிதியில் உங்களை நியமித்திருந்தாலும் அதே கதைதான். அது பணத்துக்கான நியமனம். என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள். ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் எல்லாக் கையெழுத்தும் போட்ட பிள்ளைக்கு, கடைசிக் கையெழுத்து தன்னுடையது இல்லை என்று அன்றைக்குத்தான் தெரியவரும்.

அப்படியானால் உடல் யாருக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை. இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்த, நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டத்தின் பழைய விதி இது: இறந்தவர் உடல் சொத்து ஆகாது. சொத்து இல்லாததால் வீட்டையும் நகையையும் போல அதை உயிலில் ஒருவருக்கு எழுதிவைக்க முடியாது. சட்டம் பார்ப்பது உரிமையாளரை அல்ல, பொறுப்பாளரை. உடலை மரியாதையோடு அடக்கம் செய்யவோ எரிக்கவோ வேண்டிய கடமை யாருக்கு? அந்தக் கடமையைச் செய்யும்வரை உடலைத் தன் வசம் வைத்திருக்கும் உரிமையும் அவருக்கே. உயில் இருந்தால் அந்தப் பொறுப்பாளர் அதை நிறைவேற்றுபவர். உங்கள் வீட்டில் அது அண்ணன்.

இந்த விதியை விளக்க 1882இல் லண்டனில் தீர்ப்பான வில்லியம்ஸ் வழக்கைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஒரு மனிதர் தன் உடலை எரிக்க வேண்டும், அந்தப் பொறுப்பு தன் தோழியைச் சேர்ந்தது, அவருக்கு ஆகும் செலவைத் தன் சொத்திலிருந்து கொடுங்கள் என்று எழுதிவைத்துவிட்டு இறந்தார். உயிலை நிறைவேற்றியவர்கள் புதைத்துவிட்டார்கள். தோழி விடவில்லை. வேறு இடத்தில் புதைக்கப் போவதாகச் சொல்லி அனுமதி வாங்கி, உடலைத் தோண்டி எடுத்து, இத்தாலியின் மிலான் நகரம்வரை கொண்டுபோய் எரித்தார். திரும்பி வந்து செலவைக் கேட்டார். நீதிமன்றம் கொடுக்கவில்லை: உடல் சொத்து அல்ல, அதைப் பற்றி உயிலில் எழுதிய கட்டளை நிறைவேற்றுபவரைக் கட்டாது. அந்த அம்மாவின் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். தோற்றாலும் நண்பர் கேட்டதைச் செய்துவிட்டாரே.

ஆக, உயிலில் ‘சடங்கு வேண்டாம்’ என்று அப்பா எழுதியது ஒரு விருப்பம். அதை மதிக்க வேண்டும் என்று அண்ணனிடம் மன்றாடலாம். அந்த வரியை மட்டும் காட்டிச் சட்டத்தால் கட்டாயப்படுத்துவது கடினம். இங்கேதான் கொஞ்சம் சந்தேகத்தையும் சேர்க்க வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டுப் பழைய தீர்ப்பு அது. பிற்காலத்து நீதிபதிகள் இறந்தவரின் விருப்பத்துக்கு அதைவிட அதிக எடை கொடுத்திருக்கிறார்கள். நிறைவேற்றுபவர் முற்றிலும் நியாயமற்று நடந்தால் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் தலையிடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘அப்பா சடங்கு வேண்டாமென்றார், மகன் கொள்ளி வைத்தான்’ என்பதை எந்த நீதிபதியும் முற்றிலும் நியாயமற்றது என்று எளிதில் சொல்லிவிடமாட்டார்.

உயிலே இல்லாமல் இருந்திருந்தால்? அப்போது சொத்தை நிர்வகிக்க முதல் உரிமை யாருக்கோ அவரே உடலுக்கும் பொறுப்பு என்று கொள்வது வழக்கம். அந்த வரிசை உயிலுறுதி, சொத்து நிர்வாகச் சட்டத்தில் இருக்கிறது: முதலில் கணவன் அல்லது மனைவி, பிறகு பிள்ளைகள், பிறகு பெற்றோர், உடன்பிறந்தோர், இப்படியே போகும். சித்தி முறையாக மணந்தவர் என்றால், உயில் இல்லாத நிலையில் உங்கள் எல்லாரையும்விட அவர் முன்னால் நிற்பார். மூத்த மகன் என்ற தனி இடம் அந்த வரிசையில் கிடையாது. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது நம் வழக்கம். சட்டத்துக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்று, பெண் பிள்ளை உட்பட. அண்ணனுக்கு இப்போது அதிகாரம் இருப்பது அவர் மூத்தவர் என்பதால் அல்ல, அப்பா உயிலில் அவர் பெயரைப் போட்டதால். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் போட்ட பெயரை அப்பா மாற்றவும் செய்யலாம்.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். உடலை மருத்துவப் படிப்புக்குக் கொடுப்பதற்கு உயில் சரியான இடமே இல்லை. அதற்கென்றே 1972இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது: மருத்துவச் சிகிச்சை, கல்வி, ஆராய்ச்சிச் சட்டம். பதினெட்டு வயதான, மனத்தெளிவுள்ள எவரும் தன் உடல் முழுவதையுமோ ஒரு பகுதியையோ அதன்கீழ் எழுதிக் கொடுக்கலாம். இறந்ததும் அது நடப்புக்கு வரும். பொதுச் சட்டத்தின் பழைய விதிக்கு நாடாளுமன்றம் போட்ட விலக்கு என்று இதைச் சொல்லலாம். அப்பாவே முறைப்படி எழுதிக்கொடுத்த தானம் செல்லுபடியாக அண்ணனின் சம்மதமோ சித்தியின் சம்மதமோ தேவையில்லை. கடைசி நோயின்போது இரண்டு சாட்சிகள் முன்னால் வாயால் சொன்னாலும் அந்தச் சட்டம் ஏற்கிறது, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். சாட்சி சொன்னாரா இல்லையா என்று இறந்த வீட்டில் வாக்குவாதம் நடத்த யாருக்கும் தெம்பு இருக்காது. தேசிய உறுப்பு மாற்றுப் பிரிவில் அதற்கான படிவம் இருக்கிறது. அதைப் பூர்த்திசெய்து, சாட்சிக் கையெழுத்தோடு அனுப்பி, பதிவானதற்கான பதிலையும் வாங்கி வையுங்கள்.

இதிலும் இரண்டு முடிச்சுகள் உண்டு. முதலாவது, தானம் கொடுக்கலாம், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரி மறுக்கலாம். தொற்றுநோய் இருந்தாலோ, பிரேதப் பரிசோதனை நடந்திருந்தாலோ, உடலின் நிலை படிப்புக்கு ஒத்துவராது என்றாலோ வேண்டாம் என்பார்கள். மறுத்தால் பொறுப்பு மறுபடி நிறைவேற்றுபவரிடம் வந்து சேரும். இரண்டாவது முடிச்சு மனிதர்களைப் பற்றியது. சட்டப்படி தானம் செல்லும் என்றாலும், அழுதுகொண்டிருக்கும் குடும்பம் வாசலில் நின்று தடுத்தால், உடலை இழுத்துக்கொண்டு போக எந்தக் கல்லூரியும் முன்வராது. அப்படிச் செய்ய அவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆகவே கையெழுத்தைவிடப் பெரிய வேலை, அப்பாவே அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது. நீங்கள் சொன்னால் அது தங்கையின் வாதம். அவர் சொன்னால் அப்பாவின் பேச்சு.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சட்டம் ஹோட்டா எனும் 1987ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம். இது நேர்மாறாக இயங்குகிறது: வேண்டாம் என்று எழுதிக்கொடுக்காத, 21 வயதைத் தாண்டிய குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரும் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். சிறுநீரகம், இதயம், கல்லீரல், கருவிழி ஆகிய நான்குக்கு மட்டும். 2008இல் முஸ்லிம்களும் இதற்குள் வந்தார்கள், 2009இல் அறுபது வயது என்ற மேல் வரம்பும் போனது. இதில் குடும்பத்தின் மறுப்பு சட்டப்படி எடுபடாது. ஆனால் பரவிய புற்றுநோய் உள்ளவரின் உறுப்புகளை மருத்துவர்கள் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள் என்பதால் உங்கள் விஷயத்தில் இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

இவர்கள் எல்லாருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்: மரண விசாரணை அதிகாரி. விபத்து, காரணம் தெரியாத சாவு, சந்தேகத்துக்குரிய சாவு என்றால் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி உடல் அவர் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும். அவர் விடுவிக்கும்வரை நிறைவேற்றுபவர், மனைவி, கல்லூரி யாரும் தொட முடியாது. பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று குடும்பம் கேட்கலாம், முடிவு அவருடையது. புற்றுநோய்க்காரருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்று அப்பா விரும்பினால் இது முக்கியம். வீட்டுக்கு வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் மருத்துவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல், நடு இரவில் பதறி அவசர எண்ணை அழைத்து, காரணத்தை உறுதிசெய்ய யாரும் இல்லாமல் போனால், போலீஸ் வந்து உடல் பிணவறைக்குப் போகும் நிலை வரலாம். பரிசோதனை நடந்துவிட்டால் உடல் தானம் கைவிட்டுப் போயிற்று. இல்லத்துக்கே வரும் அந்திமகாலப் பராமரிப்புக் குழுவில் அப்பா இருக்கிறார் என்றால் இதை அவர்களிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சட்டம் இவ்வளவு சொல்கிறது. அன்றைய தினம் நடப்பதோ வேறு. மாண்டாய் தகனச்சாலையில் தகனத்துக்கு நேரம் எடுக்கும்போது, உயில் செல்லும் என்று உறுதிசெய்யும் உயிலுறுதி ஆணையைக் கொண்டுவா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் முடியாது, அந்த ஆணை நீதிமன்றத்திலிருந்து வர வாரங்கள், மாதங்கள் ஆகும். இறப்புச் சான்றிதழோடு ஈமச்சடங்கு நிறுவனத்தைக் கூப்பிட்டு, விண்ணப்பதாரராகக் கையெழுத்திடும் நெருங்கிய உறவினரின் சொல்தான் நடக்கிறது. முன்பெல்லாம் இறந்தவரின் அடையாள அட்டையைக் கொண்டுபோய் மரணத்தைப் பதிய வேண்டும், அதனால் அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராஜா. 2022 மே 29 முதல் மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததுமே மரணம் தானாகப் பதிவாகிவிடுகிறது. மின்சான்றிதழை அரசின் மை லெகசி இணையத்தளத்தில் இறக்கிக்கொள்ளலாம், அதுவும் 30 நாளுக்குள். அட்டை ராஜ்ஜியம் முடிந்தது, வேகத்தின் ராஜ்ஜியம் தொடர்கிறது. காலையில் இறந்தவரை மறுநாள் மாலை எரித்துவிடும் ஊரில், மூன்றாம் நாள் வரும் சட்ட ஆலோசனைக்கு மதிப்பில்லை.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஒரு பெரியவருக்கு உயில் எழுதிக் கொடுத்தேன். மேளம் வேண்டாம், பூப்பல்லக்கு வேண்டாம், அந்தப் பணத்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுங்கள் என்று ஒரு பத்தி சொன்னார், அழகாக எழுதிச் சேர்த்தேன். உயில் என் அலுவலகப் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது. பிள்ளைகள் வந்து அதைத் திறந்தது கருமாதிக்கு மறுநாள். மேளமும் பல்லக்கும் அமோகமாக நடந்து முடிந்திருந்தன. பெரிய மகன் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஈமச்சடங்கு விருப்பத்தை உயிலுக்குள் மட்டும் எழுத நான் யாருக்கும் ஒத்துக்கொண்டதில்லை. தனித் தாளில் எழுதி, கையெழுத்திட்டு, வீட்டில் எல்லாருக்கும் ஒரு பிரதி.

சண்டை முற்றிவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அவசரத் தடை கேட்கலாம். செலவு அதிகம், குடும்பம் அதோடு உடைந்துவிடும். அங்கே போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2008இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு வழிகாட்டுகிறது. மகன் விபத்தில் இறந்தான், உயில் இல்லை. பிரிந்து வாழ்ந்த தாயும் தந்தையும் சம உரிமை உள்ளவர்கள். ஒருவர் புதைக்க வேண்டும் என்றார், மற்றவர் எரிக்க வேண்டும் என்றார். நீதிபதி பார்த்தது இவற்றை: இறந்தவரின் விருப்பம் என்ன, குடும்பத்தாரின் நியாயமான தேவை என்ன, அவர் எந்த ஊரோடு மிக நெருக்கமாக வாழ்ந்தார், எல்லாவற்றுக்கும் மேலாக, மேலும் தாமதமில்லாமல் மரியாதையாக முடிக்க வேண்டும். இந்தத் தீர்ப்பு சிங்கப்பூரைக் கட்டாது, ஆனால் இங்குள்ள நீதிபதி புறக்கணிக்கவும் மாட்டார். இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் உங்கள் மூவரின் வாதங்களில் சித்தியுடையதுதான் மிகப் பலவீனம். அரை நூற்றாண்டு இங்கே வாழ்ந்து, பிள்ளைகள் இங்கே இருந்து, எழுத்தில் வேறு விருப்பம் சொன்னவரை ஊருக்கு அனுப்புவதற்கு அவர் என்ன காரணம் சொல்வார்? உடலைப் பதப்படுத்தி, பெட்டியை முத்திரையிட்டு, சுற்றுப்புற வாரியத்தின் ஏற்றுமதி அனுமதி, இந்தியத் தூதரகத்தின் சான்று என்று வாங்கி அனுப்ப முடியும்தான். வேலை அனுமதிச்சீட்டில் வந்து இங்கே இறக்கும் நம் தம்பிகளுக்கு அந்தச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அது உங்கள் பைதான்.

பை என்றதும் நினைவுக்கு வருகிறது. நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர்தான் அவர்களுக்குப் பணம் தர வேண்டியவர். நியாயமான செலவை அப்பாவின் சொத்திலிருந்து, மற்றக் கடன்களுக்கு முன்னால், திரும்பப் பெறலாம். ஆனால் வீடு கூட்டு உரிமையில் சித்திக்குப் போய், சேமநிதி நியமனதாரருக்குப் போய்விட்டால், ‘சொத்து’ என்று மிஞ்சுவது ஒரு வங்கிக் கணக்கு மட்டும்தான். பெரிய செலவுக்குக் கையெழுத்திடுமுன் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அண்ணனை வில்லனாகப் பார்க்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் பயப்படுவது உடலைப் பற்றி அல்ல, ‘கடமையைச் செய்யாத மகன்’ என்ற பேச்சைப் பற்றி. மாண்டாயில் கொள்ளி என்பது இப்போதே ஓர் அடையாளச் சடங்குதான். பெட்டியை உலைக்கு அனுப்புவது இயந்திரம். கருமாதிக்கு உடல் தேவையில்லை, படம் போதும். படிப்பு முடிந்தபின் உடலைத் தகனம் செய்துவிடுவார்கள். சாம்பலைக் குடும்பம் பெற்றுக்கொள்ள முடியுமா என்று கல்லூரியிடம் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முடியும் என்றால் அஸ்தியைக் கடலில் கரைக்கும் காரியத்தை அண்ணன் செய்யட்டும். ‘சடங்கு வேண்டாம்’ என்ற அப்பா இதற்கு ஒத்துக்கொள்வாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், சாகப்போகிறவர்கள் இதில் நாம் நினைப்பதைவிடத் தாராளமாக இருப்பார்கள்.

அதனால் இந்த வாரத்து வேலை இவ்வளவுதான். 1972 சட்டப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து. அண்ணன் ஒத்துவராவிட்டால், நிறைவேற்றுபவரை மாற்றி அல்லது உங்களையும் சேர்த்து உயிலுக்கு ஒரு திருத்தம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும், உயிலால் பயன் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் அவர்களுக்குரிய பங்கு போய்விடும். மருந்தின் மயக்கத்தில் கையெழுத்திட்டார் என்று பின்னால் யாரும் சொல்லாதபடி அன்று காலையே மருத்துவரிடம் மனத்தெளிவுக் குறிப்பு ஒன்று வாங்கிவிடுங்கள். கல்லூரி மறுத்தால் என்ன செய்வது என்றும் அப்பாவிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அப்புறம் அந்தத் தாளின் ஒரு பிரதி சித்தியின் கையிலும் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு உயிர் பிரிந்தால் பக்கத்தில் இருக்கப்போகிறவர் அவர்தானே.